பின்கட்டு அறைகளும் லெட்ச்வொர்த் கணக்கும்



போன இதழில் மெயின்டனன்ஸ் கணக்கைப் பற்றி எழுதியிருந்தேன். அதைப் படித்த ஏ பிளாக் அம்மா ஒருவர் லிஃப்டில் என்னைப் பார்த்து, "எப்பப் பார்த்தாலும் கணக்குதானா சார், ஏதாவது சரித்திரம் எழுதக்கூடாதா?" என்று கேட்டார். அவருக்காக இந்த முறை ஒரு சரித்திரக் கட்டுரை. ஆனால் வருஷக்கணக்கில் வங்கியில் லெட்ஜர் எழுதிய கை இது. நடுநடுவே கணக்கு எட்டிப் பார்க்கும். பொறுத்துக்கொள்ளுங்கள்.

இப்போது இதை எழுத ஒரு காரணம் இருக்கிறது. அடுத்த மாத ஜெனரல் பாடியில் நான்காவது தீர்மானம் நம் பின்கட்டு அறைகளைப் பற்றியது. கட்டட வரைபடத்தில் அந்த ஐந்து அறைகளுக்கும் 'பணியாளர் குடியிருப்பு' என்றுதான் பெயர். இன்று அங்கே உடைந்த நாற்காலிகளும், பெயின்ட் டப்பாக்களும், யாரோ விட்டுவிட்டுப் போன டிரெட்மில்லும் குடியிருக்கின்றன. அவற்றைச் சரிசெய்து நம் செக்யூரிட்டி, துப்புரவுப் பணியாளர் குடும்பங்களுக்குக் குறைந்த வாடகைக்கு விடலாம் என்று ஒரு யோசனை. இடித்து ஜிம் கட்டலாம் என்று இன்னொரு யோசனை. இரண்டையும் ஆதரிப்பவர்கள் நம்மில் இருக்கிறார்கள். ஓட்டுப் போடுவதற்கு முன்னால், 120 வருஷங்களுக்கு முன்பு இங்கிலாந்தில் ஒரு குமாஸ்தா போட்ட கணக்கை நீங்கள் ஒரு தடவை படித்துப் பார்க்க வேண்டும் என்று ஆசைப்படுகிறேன்.

குமாஸ்தா கண்ட ஊர்

அவர் பெயர் எபனேசர் ஹோவர்ட். 1850ல் லண்டனில் ஒரு கடைக்காரரின் மகனாகப் பிறந்தவர். பதினைந்து வயதில் படிப்பை நிறுத்திவிட்டு ஆபீசில் எழுத்தர் வேலைக்குப் போனார். இருபத்தோரு வயதில் அமெரிக்கா போய், நெப்ராஸ்காவில் விவசாயம் செய்தார். விவசாயம் படுத்துவிட்டது. சிகாகோவில் கொஞ்ச காலம் சுருக்கெழுத்து வேலை பார்த்துவிட்டு 1876ல் ஊர் திரும்பினார். அதன்பின் ஆயுள் முழுக்க அவருக்குச் சோறு போட்டது சுருக்கெழுத்துதான். பாராளுமன்றத்தில் மற்றவர்கள் பேசுவதை எழுதிக்கொடுக்கும் வேலை. இன்ஜினியர், ஆர்க்கிடெக்ட் பட்டம் எதுவும் அவருக்குக் கிடையாது. கையில் பெரிய பணமும் இல்லை. நம்மைப் போல மாதச் செலவை எண்ணிச் செய்தவர்.

அவர் காலத்து லண்டனைக் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். ஒரே அறையில் ஒரு குடும்பம், புகை, சாக்கடை, நோய். அதே சமயம் கிராமங்களில் விவசாயம் நொடித்து, ஜனங்கள் ஊரைக் காலி செய்துகொண்டிருந்தார்கள். நிலம் மலிவாகக் கிடந்தது, வாங்க ஆள் இல்லை. இங்கே நெருக்கடி, அங்கே வெறுமை. இந்த இரண்டையும் சேர்த்து ஒரு கணக்காகப் போட்டால் என்ன என்று ஹோவர்ட் யோசித்தார். 1898ல் புத்தகமாக எழுதினார். 1902ல் அது 'நாளைய தோட்ட நகரங்கள்' என்ற பொருள்படும் தலைப்பில் மறுபடி வந்தது.

தோட்ட நகரம் என்றதும் பூங்கா, மரம், செடி என்று நினைத்துவிடுவோம். அதுவும் உண்டு. ஆனால் புத்தகத்தின் உயிர் அதன் வரவு செலவுப் பக்கங்களில் இருக்கிறது. நான் அதைப் படித்து ரசித்ததும் அந்த இடத்தில்தான்.

அவர் போட்ட கணக்கு

கிராமப்புறத்தில் 6,000 ஏக்கர் நிலம். ஏக்கர் 40 பவுண்டு வீதம் மொத்தம் 2,40,000 பவுண்டு. இதைச் சராசரியாக 4 சதவீதத்துக்கு மேல் போகாத வட்டியில், நிலத்தின் பேரில் கடன் பத்திரம் போட்டுத் திரட்டுவது. நடுவில் 1,000 ஏக்கரில் ஊர், சுற்றி 5,000 ஏக்கரில் வயலும் பழத்தோட்டமும். ஊரில் 30,000 பேர், சுற்றுப்புறத்தில் 2,000 பேர்.

வருஷ வட்டி 9,600 பவுண்டு. அதை 32,000 பேருக்குப் பங்கு போட்டால் தலைக்கு வருஷம் 6 ஷில்லிங். அந்தக் காலத்தில் ஒரு பவுண்டுக்கு 15 ரூபாய் என்று வைத்திருந்தார்கள். அப்படியானால் நம் கணக்கில் தலைக்கு நாலரை ரூபாய்.

நிலத்தை யாருக்கும் கிரயம் செய்து கொடுப்பதில்லை. ஊர் மொத்தத்துக்கும் பொதுவாக அறங்காவலர்கள் பேரில் இருக்கும். வீடு கட்டுகிறவர், கடை வைக்கிறவர், தொழிற்சாலை நடத்துகிறவர் எல்லாரும் அடிமனை வாடகை கட்ட வேண்டும். கோயில் மனையில் வீடு கட்டிக் குடியிருப்பவர்களைப் பார்த்திருப்பீர்கள், கிட்டத்தட்ட அந்த ஏற்பாடு. வருகிற வாடகையில் முதலில் வட்டி, அடுத்து அசலைத் தீர்க்க சிங்கிங் ஃபண்ட், மீதி எல்லாம் ஊருக்கு. சாலை, பள்ளிக்கூடம், பூங்கா, முடிந்தால் முதியோர் பென்ஷன். முப்பது வருஷத்தில் கடன் தீர்ந்துவிட்டால், அதற்குப் பிறகு வருகிற வாடகை முழுவதும் ஊர்ப் பணம்.

இதில் ஒரு கேள்வி ஒளிந்திருக்கிறது. ஊர் வளர்ந்தால் நிலத்தின் விலை ஏறுகிறது. அந்த ஏற்றத்தை உண்டாக்கியது யார்? நாம் இங்கே ஃபிளாட் புக் செய்தபோது பைபாஸ் வரவில்லை, காலேஜ் வரவில்லை, எதிரே இருந்தது வெறும் பொட்டல். இன்று சென்ட் என்ன விலை போகிறது என்று உங்களுக்குத் தெரியும். நானோ நீங்களோ அதற்காக ஒரு செங்கல் எடுத்து வைத்ததில்லை. ஊரே சேர்ந்து உண்டாக்கிய மதிப்பு ஊருக்கே திரும்பி வரட்டும் என்றார் ஹோவர்ட். அப்படி வந்தால்தான் சாதாரண கூலிக்காரனும் அந்த ஊரில் தொடர்ந்து குடியிருக்க முடியும். வராவிட்டால் ஊர் வளர வளர அவன் வெளியே தள்ளப்படுவான்.

காகிதத்திலிருந்து தரைக்கு

1899ல் இதற்காக ஒரு சங்கம் அமைத்தார்கள். 1901ல் ரால்ஃப் நெவில் என்ற வக்கீல் அதன் தலைவரானார். சாக்லேட் முதலாளி ஜார்ஜ் கேட்பரி, சோப்பு முதலாளி லீவர் போன்றவர்கள் ஆதரவு கொடுத்தார்கள். 1903 செப்டம்பரில் கம்பெனி பதிவானது. அனுமதிக்கப்பட்ட மூலதனம் 3,00,000 பவுண்டு. விதிகளில் ஒரு முக்கிய வாசகம் இருந்தது. பங்குதாரருக்கு டிவிடெண்ட் 5 சதவீதத்துக்கு மேல் கிடையாது, அதற்கு மேல் வரும் லாபம் ஊருக்கு.

லண்டனிலிருந்து சுமார் 35 மைல் தூரத்தில், ஹெர்ட்ஃபோர்ட்ஷயரில் லெட்ச்வொர்த் என்ற இடத்தில் 3,818 ஏக்கர் வாங்கினார்கள். விலை 1,55,587 பவுண்டு. பழக்க தோஷத்தில் வகுத்துப் பார்த்தேன். ஏக்கருக்கு 40 பவுண்டு 15 ஷில்லிங் வருகிறது. ஐந்து வருஷத்துக்கு முன்னால் அந்தக் குமாஸ்தா மேஜையில் உட்கார்ந்து போட்ட மதிப்பு 40 பவுண்டு!

1903 அக்டோபர் 9ம் தேதி கொட்டும் மழையில், சேற்றில், பந்தலுக்குள் தொடக்க விழா நடந்தது. ரேமண்ட் அன்வின், பேரி பார்க்கர் என்ற இரண்டு ஆர்க்கிடெக்ட்டுகள் ஊருக்கு வரைபடம் போட்டார்கள். காற்று பெரும்பாலும் மேற்கிலிருந்து வீசும் என்பதால், புகை ஊருக்குள் வராதபடி தொழிற்சாலைகளைக் கிழக்கே, ரயில் பாதை ஓரமாக வைத்தார்கள். ஏக்கருக்குச் சுமார் 12 வீடு. வீட்டுக்குள் வெயில் வருகிறதா என்று பார்த்துப் பார்த்துத் திசை வைத்தார்கள். வாகனங்கள் சுற்றிப் போகும் ரவுண்டானாவை பிரிட்டனில் முதன்முதலாக 1909 வாக்கில் அமைத்ததும் இந்த ஊரில்தான் என்பார்கள்.

150 பவுண்டு வீடு

இனிதான் சிக்கல். தொழிற்சாலை வந்தால் தொழிலாளி வருவான். அவன் எங்கே தங்குவது?

1905ல் 'மலிவு வீட்டுக் கண்காட்சி' என்று ஒன்று நடத்தினார்கள். நிபந்தனை இதுதான்: ஒரு தொழிலாளர் குடும்பம் வசிக்கக்கூடிய வீட்டை 150 பவுண்டுக்குள் கட்டிக் காட்ட வேண்டும். நூற்றுக்கும் மேற்பட்ட வீடுகள் எழும்பின. செங்கல், மரம் என்று விதவிதமாகக் கட்டினார்கள். லிவர்பூல் நகர இன்ஜினியர் ஜான் பிரோடி ஒரு படி மேலே போய், முன்கூட்டியே வார்த்த கான்கிரீட் பலகைகளைக் கொண்டுவந்து பொருத்திக் காட்டினார். இன்று நாம் ப்ரீகாஸ்ட் என்கிறோமே, அதுதான். பார்க்க வந்த கூட்டம் சுமார் 60,000 பேர்.

விழா அமோகம். ஆனால் அந்த 150 பவுண்டில் நிலத்தின் விலை சேராது. வீட்டுச் செலவுக்கு மட்டும் 5 சதவீத வருமானம் வேண்டுமென்றால் வருஷ வாடகை ஏழரை பவுண்டு, வாரத்துக்கு ஏறக்குறைய 3 ஷில்லிங். அதன்மேல் அடிமனை வாடகை, வரி, ரிப்பேர் எல்லாம் ஏறும். வாரம் ஒரு பவுண்டுகூடச் சம்பாதிக்காத கூலியாளுக்கு அது எட்டாது. கட்டிய வீடுகளில் பல கடைசியில் லண்டன்காரர்கள் வாரக்கடைசியில் வந்து தங்கும் வீடுகளாகப் போய்விட்டன.

இதைப் படித்தபோது எனக்கு வங்கியில் கடன் பிரிவில் இருந்த நாட்கள் ஞாபகம் வந்தது. வீட்டுக்கடன் விண்ணப்பங்களைச் சரிபார்ப்பது என் வேலை. சம்பளச் சீட்டு இருக்கிறவர் ஃபைல் நகரும். ஒருமுறை ஒரு கொத்தனார் வந்தார். எங்கள் ஊரில் பாதி வீடு அவர் கை பட்டு எழுந்தது. நாலு லட்சம் கேட்டார். வருமானச் சான்று இல்லை என்று நான்தான் எழுதி ஃபைலைத் திருப்பினேன். விதிப்படி அது சரி. ஆனாலும் ஊருக்கெல்லாம் வீடு கட்டியவருக்கு வீடு கட்ட வழி இல்லை என்று என் கையெழுத்தில் எழுதியது இன்றும் உறுத்துகிறது.

லெட்ச்வொர்த்காரர்கள் கண்காட்சியோடு நிற்கவில்லை. குடியிருப்பவர்களே பங்கு போட்டு நடத்தும் வீட்டுச் சங்கம், வாடகை வீடு கட்டும் கம்பெனி என்று ஒவ்வொன்றாக ஆரம்பித்தார்கள். பேர்ட்ஸ் ஹில், பிக்ஸ்மோர், ரஷ்பி மீட் என்று தொழிலாளர் குடியிருப்புகள் வந்தன. 1911ல் ஹோவர்ட் பெயரிலேயே தொடங்கிய வீட்டுச் சங்கம் இன்றைக்கும் வாடகைக்கு வீடு கொடுத்து வருகிறது. வீடுகளை நீளமாக லயன் வீடு மாதிரி வைக்காமல், சின்னப் புல்வெளியைச் சுற்றிக் கூட்டங்கூட்டமாக வைத்தார்கள். வெளியிலிருந்து பார்த்தால் 'இது ஏழை வீடு' என்று சட்டென்று தெரியாது. தேர்ச்சி பெற்ற தொழிலாளி, ஆபீஸ் குமாஸ்தா, பள்ளி ஆசிரியர் எல்லாரும் ஒரே ஊரில் குடியேறினார்கள்.

ஆனால் குறையையும் சொல்லிவிட வேண்டும். வசதியானவர்கள் தென்மேற்குப் பக்கம், தொழிலாளர்கள் தொழிற்சாலைப் பக்கம் என்று ஊர் தானாகவே பிரிந்தது. அதற்கும் கீழே இருந்த கூலியாட்களுக்கு அந்த வாடகையும் கட்டுப்படியாகவில்லை. அவர்கள் பக்கத்து ஊர்களான ஹிட்சின், பால்டாக் என்று பழைய நெருக்கடி வீடுகளில் தங்கி, காலையில் சைக்கிள் மிதித்து வந்து லெட்ச்வொர்த்தில் வேலை பார்த்துவிட்டு ராத்திரி திரும்பிப் போனார்கள். யாருக்காக ஊர் கட்டினார்களோ, அவர்களில் ஒரு பகுதிக்கு அந்த ஊரில் இடமில்லை. 1919க்குப் பிறகு அரசு மானியம் கொடுத்து, உள்ளாட்சி மன்றம் வீடு கட்ட ஆரம்பித்த பிறகே அந்தப் பள்ளம் கொஞ்சமாவது நிரம்பியது. தனியார் நல்லெண்ணம் எவ்வளவு தூரம் போகும், எங்கே பொதுப்பணம் கை கொடுக்க வேண்டும் என்பது எனக்கு அங்கே விளங்கியது.

கையை விட்டுப் போக இருந்த ஊர்

பங்குதாரர்கள் பொறுமைசாலிகள். முதல் டிவிடெண்ட் 1913ல்தான் வந்தது. பத்து வருஷம் சும்மா காத்திருந்தார்கள். ஹோவர்டும் சிலவற்றை விட்டுக்கொடுக்க வேண்டியிருந்தது. அடிமனை வாடகையை அவ்வப்போது மறுமதிப்பீடு செய்ய வேண்டும் என்பது அவர் ஆசை. கட்டட முதலாளிகள் ஒத்துக்கொள்ளவில்லை. கடைசியில் 99 வருஷக் குத்தகை, மாறாத வாடகை என்று முடிந்தது. நிலமும் அறங்காவலர் பேரில் போகாமல் கம்பெனி பேரிலேயே நின்றது.

அந்த ஒரு ஓட்டை வழியாகத்தான் ஆபத்து வந்தது. இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு, கம்பெனி தன் விதிகளைத் திருத்தி டிவிடெண்ட் வரம்பைத் தளர்த்தியது. ஐந்து சதவீதத்துக்கு மேல் கிடைக்காது என்று யாரும் சீண்டாமல் இருந்த பங்குக்கு திடீரென்று மவுசு வந்தது. 1960 முடியும் தருவாயில் ஹோட்டல் யார்க் என்ற கம்பெனி பங்குகளை வாங்கிக் குவித்து ஊரையே கைக்குள் கொண்டுவந்தது. நம் வீடு, நம் தெரு, ஆனால் மனை எவனுடையதோ!

ஊர் ஜனங்கள் சும்மா இருக்கவில்லை. உள்ளாட்சி மன்றம் முன்னின்று பாராளுமன்றத்தில் தனிச் சட்டமே கொண்டுவந்தது. 1962ல் சட்டம் நிறைவேறி, 1963 முதல் எஸ்டேட் ஒரு பொதுக் கழகத்தின் கைக்கு வந்தது. 1995ல் அது அறக்கட்டளை அமைப்பாக மாறியது. இன்றும் கடை, தொழிற்கூட வாடகையில் மிஞ்சுவதை அந்த அமைப்பு ஊருக்கே செலவிடுகிறது. நடுவில் 1967ல் வந்த ஒரு சட்டத்தால் குத்தகை வீட்டுக்காரர்கள் மனையைக் கிரயம் வாங்கிக்கொள்ளலாம் என்று ஆனது. அதில் கொஞ்சம் கைநழுவியது. ஆனாலும் அஸ்திவாரம் தாங்கியது. விதியை ஒருமுறை தளர்த்தியதற்கு எவ்வளவு பாடுபட வேண்டியிருந்தது என்பதைக் கவனியுங்கள். நம் சங்கத்து விதிகளை 'சின்னத் திருத்தம்தானே' என்று கையெழுத்துப் போடுமுன் இதை நினைத்துக்கொள்வது நல்லது.

ஹோவர்ட் 1920ல் வெல்வின் என்ற இடத்தில் இரண்டாவது ஊரையும் தொடங்கி, 1928ல் அங்கேயே காலமானார். அதற்கு முந்தைய வருஷம்தான் சர் பட்டம் கிடைத்தது.

இனி நம் கணக்கு

நம் காம்பவுண்டைப் பெருக்கும் அம்மா காலை ஐந்தரைக்கு வீட்டை விட்டுக் கிளம்புகிறார், இரண்டு பஸ் மாறி ஏழு மணிக்கு இங்கே வந்து சேர. முன்பு ரயில்வே கேட் பக்கம் குடியிருந்தார். பைபாஸ் வந்ததும் வாடகை ஏறியது, தள்ளிப் போனார். மறுபடி ஏறியது, இன்னும் தள்ளிப் போனார். நம் ஃபிளாட்டின் மதிப்பை ஏற்றிய அதே பைபாஸ்தான் அவரை ஒன்பது கிலோமீட்டர் தள்ளிவிட்டது. ஹிட்சினிலிருந்து சைக்கிள் மிதித்தவர்களுக்கும் அவருக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. ஆறு மாதத்தில் மூன்று பேர் வேலையை விட்டு நின்றதும் இதனால்தான். சம்பளம் பத்தாமல் யாரும் நின்றதாகச் சொல்லவில்லை.

ஜிம் வேண்டும் என்பவர்களை நான் குறை சொல்லவில்லை. என் மகனே அந்தக் கட்சி. "அப்பா, அவங்களைக் குடி வெச்சா அப்புறம் காலி பண்ண வைக்க முடியுமா?" என்று கேட்டான். நியாயமான கேள்வி. பதில் இருக்கிறது: வேலையோடு சேர்ந்த 11 மாத ஒப்பந்தம், எழுத்தில், இரண்டு பக்கமும் கையெழுத்து. வாடகை இலவசமாக வேண்டாம். ஐந்து அறையிலும் வரும் வாடகை ரிப்பேர் செலவை மெதுவாக அடைக்கட்டும், அதற்குப் பிறகு வருவது கார்பஸ் ஃபண்டுக்குப் போகட்டும். ஹோவர்ட் சொன்னதும் அதுதானே. முதலில் கடன், அப்புறம் பொது. கமிட்டி கேட்டால் வரவு செலவுத் திட்டத்தை நான் எழுதித் தருகிறேன். கழிப்பறையும் தண்ணீர் லைனும் மீட்டரும் சரியாக இருக்க வேண்டும் என்பது மட்டும் என் நிபந்தனை. நாம் குடியிருக்க முடியாத அறையில் இன்னொருவரைக் குடிவைக்கக் கூடாது.

ஐந்து அறையால் ஊர் மாறிவிடாது, எனக்கும் தெரியும். 3,818 ஏக்கர் வாங்கியவர்களாலேயே முழுசாக முடியவில்லை. ஆனால் நம்மிடம் இருப்பது ஐந்து அறை. வரைபடத்தில் அது யாருக்கு என்று ஏற்கெனவே எழுதியும் இருக்கிறது. அந்த வரைபடம் ஆபீஸ் பீரோவில், மேல் தட்டில், நீல ஃபைலில் இருக்கிறது. செயலாளரிடம் கேட்டால் காட்டுவார்.

கூட்டத்துக்கு அவசியம் வாருங்கள். ஓட்டு எந்தப் பக்கம் போட்டாலும் பரவாயில்லை. வருவதற்கு முன்னால் ஒரு தடவை பின்கட்டுப் பக்கம் போய், கதவைத் திறந்து, அந்த அறைகளைப் பார்த்துவிட்டு வாருங்கள்.

— பி பிளாக் குடியிருப்பாளர், ஓய்வு பெற்ற வங்கி எழுத்தர்